ரிலேயும் அடக்க அறிவிப்பும்

எங்கள் பாளையங்கோட்டைச் சபையில் யார் இறந்தாலும், அடக்க நேரத்தை இணையப் பக்கத்தில் போடுகிற வேலை என் தலையில்தான். பக்கம் வருவதற்கு முன்னால் ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொல்வேன். அந்தத் தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டவன் நான்.

பக்கத்துக்காக வாடகைக்கு எடுத்த சர்வரிலேயே ஒரு ரிலேயும் ஓட்டிவந்தேன். அடையாளத்தை மறைத்து இணையத்தில் பேச வேண்டியவர்கள் அனுப்புவதை வாங்கி அடுத்த கணினிக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. அவர்கள் யார் என்று எனக்கும் தெரியாது. தெரியாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். நன்றி சொல்ல ஆளில்லை, பராமரிப்பு மட்டும் ஓயாது. அலுத்துவிட்டது, ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

போன மழைக்காலத்தில் ரிலேயைப் புதிதாக நிறுவினேன். மாதத்துக்கு இவ்வளவு டேட்டாதான் என்று அதற்கு வரம்பு எழுதிவைக்க வேண்டும். அசதியில் மறந்தேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் சர்வரில் ஊரான் பிள்ளை மொத்தச் சோற்றையும் தின்றுவிட்டது.

மாதக் கடைசியில், பாடகர் குழுவில் இருந்த டீச்சர் ஒருவர் இறந்தார். காலையில் அறிவிப்பைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சற்று நேரத்திலேயே மாத டேட்டா அளவு தீர்ந்து, வாடகைக்கு விட்ட கம்பெனிக்காரர்கள் சர்வரை அடைத்துவிட்டார்கள். பக்கமும் அதோடு போயிருந்ததைச் சாயங்காலம் அடக்கத்தில் மண் போட்டுவிட்டு வந்த பிறகுதான் பார்த்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் முக்கூடல் டீச்சர் நின்றிருந்தார். இறந்தவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவர். காலைக் காப்பியோடு என் பக்கத்தைப் பார்ப்பது அவர் வழக்கம்.

"அன்னைக்குப் பக்கம் வரல தம்பி. நெட்டு சரியில்லன்னு இருந்துட்டேன். அவ முகத்தக்கூடப் பாக்கல."

ரிலேயைப் பற்றி ஒளிக்காமல் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"யாரு போறாவன்னே தெரியாம வழி விடுதியா?"

"ஆமா டீச்சர். நிறுத்திருதேன்."

"அத ஏன் நிறுத்துத? அவியளுக்கு என்ன கஷ்டமோ." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என் நம்பர் ஒங்கிட்ட இருக்குல்லா? ஒரு போன் போட்டிருக்கலாம்லா."

இருந்தது.

அன்றே ரிலேக்கு வரம்பு எழுதினேன். இப்போது யார் இறந்தாலும் பக்கத்தில் போடுவதற்கு முன் போனை எடுத்துவிடுகிறேன். முதல் அழைப்பு முக்கூடல் டீச்சருக்கு. என் நம்பரைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறார்.