வேடியப்பன் "ஆச்சு" சொல்லாத படம்

பதினாறாம் நாள் படையலுக்கு வைக்க வேடியப்பனின் படம் ஒன்றுகூட இல்லை. ஆலங்காயத்தில் கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கி, சென்னையில் இருபத்தாறு வருஷம் பாடகர்களையும் நடிகர்களையும் எடுத்த மனிதர். தன் பக்கம் கேமராவைத் திருப்ப யாரையும் விட்டதில்லை. ஆதார் அட்டை முகத்தை வைக்க மகள் நிவேதாவுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு லென்சுகளைச் சோதிக்கும் வேலை. ஒரு வழி தோன்றியது.

அவர் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்று ஒயர் பட்டனை அழுத்துகிறவர். பாடுகிறவர்களை எடுத்தால், அதுவும் பாட்டு முடிந்த பிறகுதான். "நான் ஆச்சுன்னு சொல்ற வரைக்கும் அசையாதீங்க" என்பார். எவ்வளவு பெரிய ஆளும் அசைய மாட்டார். அந்தக் கண்களில் அப்பா தெரிவார்.

அவர் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு நடிகையின் கண்ணில் கறுத்த மீசையோடு நின்றார். நாதஸ்வரக்காரர் கண்ணில் நரைத்திருந்தார். கண்ணாடியில் தெரிவதுபோலச் சட்டைப் பை பக்கம் மாறியிருந்தது. முகம் எல்லாவற்றிலும் மங்கல்.

இறந்த அன்று எடுத்த கடைசிப் படத்தில் மட்டும் தெளிவு. காவலூரில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டுக்காரி செல்லியின் கண். அதில் சட்டைப் பை சரியான பக்கத்தில் இருந்தது. படத்தின் நேரம் 4.19. அப்பாவின் கைவாட்ச்சில் இதயத் துடிப்பு 4.12க்கே நின்றிருந்தது. கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்த்தாள். ஒரு நொடிகூடப் பிசகவில்லை.

செல்லி வீட்டுக்குப் போனாள். "அப்பா விழுந்தப்ப யாரையாவது கூப்ட்டிருக்கலாமே, அத்தை?"

"எங்க கண்ணு விழுந்தாரு? பாட்டு முடிஞ்சும் நின்னுனேதான் இருந்தாரு. ஆச்சுன்னு சொல்லல. நான் எப்டி எழுந்துப்பேன்? பக்கத்து வூட்டு பச்சையம்மா வந்து கத்துனப்பதான் கீழ பாத்தேன். அங்க கெடந்தாரு." செல்லி குரலைத் தாழ்த்தினாள். "நின்னவரு எங்க போனாருன்னுதான் தெரியல."

நிவேதா அந்தக் கண்ணில் இருந்த அப்பாவை மட்டும் பெரிதாக்கி, இடவலம் திருப்பாமலே பிரிண்ட் போட்டாள்.

படையலன்று செல்லி பச்சையம்மாவோடு வந்து படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். சோறு ஆறியது. மற்றவர்கள் போய்விட்டார்கள். அவள் அசையவில்லை.

"இன்னாடி செல்லி, இன்னொரு போட்டோக்கு உக்காந்துனுகீறியா?" என்றாள் பச்சையம்மா.

நிவேதா குனிந்து, "ஆச்சு அத்தை, எழுந்திரிங்க" என்றாள்.

செல்லி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ சொன்னா ஆவாது கண்ணு."

நிவேதாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அசையாமல்.