இதுக்கு அது, அதுக்கு இது

பட்டறை ஸ்டோரில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும்: சாமான் எடுத்துக் கொடுப்பது பாதி வேலை, பெட்டி மேல் இருக்கும் இங்கிலீஷுக்கு அர்த்தம் சொல்வது மீதி வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பத்தில், ராயபுரத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் என்னைப் பிடித்து ஆட்டிய வார்த்தை ‘இன்டர்சேஞ்சபிள்’.

புது வால்வு

சீமையிலிருந்து வந்த வால்வுப் பெட்டியில்தான் அதை முதலில் பார்த்தேன். பிட்டர் கன்னியப்பன் அர்த்தம் கேட்டார். “ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம்” என்றேன், பெருமையாக. அவர் புது வால்வைப் பழைய பம்பில் மாட்டினார், கச்சிதம். பிறகு, யாரும் கேட்காமலே, பழைய வால்வைப் புது பம்பில் மாட்டினார். தண்ணீர் பீச்சி அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இது அங்க போவுது, அது இங்க வர்ல. நீ பாதி அர்த்தம்தான் சொல்லிகிறே சார்.”

கட்டுமரம்

அகராதியைப் புரட்டினேன். கன்னியப்பன் சொன்னதுதான் சரி. இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். அதிலிருந்து எதைப் பார்த்தாலும் மாற்றிப் பார்க்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. காத்திவாக்கத்தில் ஒரு மீனவர் கட்டுமரத்தைப் பிரித்துக் காயவைத்திருந்தார். இடப்பக்கக் கட்டையும் வலப்பக்கக் கட்டையும் என் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. மாற்றிக் கட்டினால் என்ன என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கட்டிக்கினு போ நைனா. வரசொல்ல நீந்தி வா.”

மேஸ்திரியின் மச்சினன்

ஒரு நாள் பட்டறை மேஸ்திரி வந்து, முதலாளி துரைக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். கன்னியப்பனை நிறுத்திவிட்டு, வாசலில் ஆஜர் எடுக்கும் தன் மச்சினன் எல்லப்பனைப் பிட்டராகப் போடலாம், இருவரும் இன்டர்சேஞ்சபிள் என்று. என்னிடமே கற்ற வார்த்தை. கன்னியப்பனுக்கு நாலு பிள்ளைகள். என் வேலை போனாலும் போகட்டும் என்று, எழுதிய குறிப்போடு துரையிடமே போய், “இந்த வார்த்தையை இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும்” என்றேன். துரைக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. மறுநாள் காலை இருவரையும் இடம் மாற்றினார்.

வாசலில் நின்ற கன்னியப்பன், பட்டியலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தே அறுபது பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடித்தார். உள்ளே எல்லப்பன் ஒரு பம்பைக் கழற்றினான். மத்தியானம் வரை திரும்ப மாட்ட முடியவில்லை. மாட்டியபோது கையில் ஒரு வால்வு மிச்சம் இருந்தது. துரை பக்கத்தில் நிற்கும்போதே எல்லப்பன் மேஸ்திரியிடம் மெதுவாகச் சொன்னான்: “என்னை வாசக் கேட்டாண்டயே வுட்டுடு மாமா. இத்த அவருதான் பூட்டணும்.”

துரை அந்தக் குறிப்பைக் கிழித்துப் போட்டார். அன்றிலிருந்து என் ஒரே கவலை, இதே சோதனையை ஸ்டோர் குமாஸ்தாவுக்கும் யாராவது வைத்துவிடக் கூடாதே என்பதுதான்.