சந்திரமோகனின் கேமராவும் ஹேமலதாவின் வயதும்

பக்கத்து வீட்டுச் சந்திரமோகனை ரொம்ப நாள் நான் நல்லவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குடிக்க மாட்டான். சீட்டாட மாட்டான். எந்த வீட்டுப் பெண்ணையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். வேலையும் பார்க்க மாட்டான் என்பது ஒன்றுதான் குறை. முதலாளி வீட்டில் பட்டு நூல் வாங்கி வருவது, நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது, வழியில் ரெண்டு இடத்தில் டீ குடிப்பது, இதுதான் அவன் உத்தியோகம். தறியில் உட்கார்ந்து நெய்து அந்த வீட்டுக்குச் சோறு போட்டவள் அவன் அக்கா ஹேமலதா. அப்பா இல்லை. அம்மா கிருஷ்ணம்மாளுக்கு முட்டிவலி. அடுப்படியில் உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் உத்தரவு போடுவாள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். நான் ஒட்டுக்கேட்டதில்லை, அதுவாக வந்து காதில் விழும்.

இரண்டாயிரத்து ஆறில் சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதன் ஒருவன், தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழைய டிஜிட்டல் கேமராவை இவன் தலையில் கட்டினான். சோப்பு டப்பா அளவில் வெள்ளி நிறத்தில் இருக்கும். அதற்கு ஒரு உறை. அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு அவன் பஜாரில் நடந்தால் சப்-இன்ஸ்பெக்டர் ரோந்து போவது மாதிரி இருக்கும். தெருவில் வேறு யாரிடமும் கேமரா கிடையாது. அதனால் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம் எல்லாவற்றுக்கும் அவனைக் கூப்பிட்டார்கள். அவனும் போனான். போய் எல்லாவற்றையும் கெடுத்தான்.

முழுப் பழியையும் அவன் மேல் போடக் கூடாது. அந்தக் கேமராவே ஒரு சனியன். பென்சில் பேட்டரி ரெண்டு போட்டால் நாலு படம் எடுப்பதற்குள் தின்று ஏப்பம் விட்டுவிடும். பட்டனை அழுத்தினால் உடனே எடுக்காது, யோசிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை தாலி கட்டி எழுந்து கை கழுவப் போயிருப்பான். தேரை எடுத்தால் தேர் போன தெரு விழும். குழந்தையை எடுத்தால் அம்மாவின் முழங்கை விழும். கார்டு நிறைந்துவிட்டது என்று மண்டபத்திலேயே குந்திக்கொண்டு, எதை அழிக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பான். பந்தியில் சாம்பார் தீர்ந்து ரசம் வந்திருக்கும். பிரவுசிங் சென்டரில் கொண்டுபோய்க் கார்டைச் செருகினால் வைரஸ் ஏறி, அதற்கு முந்தின கல்யாணமும் சேர்ந்து போகும்.

இன்னொரு வியாதியும் அதற்கு உண்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அதற்குச் சித்தம் கலங்கிவிடும். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும். இவனுக்குப் பொறுமை ஏது? எதைக் கேட்டாலும் ஓகே பட்டனை அழுத்துவான். அதுவும் தனக்குத் தெரிந்த ஒரே தேதியை, 2002 ஜனவரி ஒன்று என்று, படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு எழுத்தில் போட்டுவிடும். எங்கள் தெருவில் குழந்தைகள் பிறந்ததும் பெண்கள் பெரியவளானதும் பெரியவர்கள் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டதும் அந்த ஒரே நாளில்தான்.

"தேதி தப்பா வருதேடா" என்று ஒருநாள் சொன்னேன்.

"தேதி வருதே, அதப் பாருங்கக்கா. ஸ்டுடியோ போட்டோல வருமா?" என்றான்.

ஹேமலதாவுக்கு அப்போது முப்பத்திரண்டு. அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் சிரித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். சிரிக்க அந்த வீட்டில் நேரம் கொடுக்க மாட்டார்கள். காது ஓரம் லேசாக நரை. கண்ணுக்குக் கீழே கருப்பு. வந்து பார்த்தவர்கள் எல்லாம் பஜ்ஜியை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று போனவர்கள். அக்கா இருக்கத் தம்பிக்குப் பெண் பார்க்க முடியாது. தம்பிக்கோ இருபத்தெட்டிலேயே உச்சந்தலை வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. அதனால் அக்காவைத் தள்ளிவிட அவனுக்குத்தான் அவசரம்.

தரகர் தனக்கோடி வந்தார். "முப்பத்திரண்டுன்னா வாசப்படி கூட மிதிக்க மாட்டாங்க. இருபத்தாறுன்னு சொல்லிக்கலாம். ஜாதகம் காணாம பூட்ச்சின்னு பேர்ப் பொருத்தம் பாத்துக்கலாம்" என்றார்.

கிருஷ்ணம்மாள் உடனே சரி என்றாள். அப்புறம் தனக்கோடியின் கண் சந்திரமோகனின் தலை மேல் போய் நின்றது.

"பொண்ணுக்கு இருபத்தாறுன்னா தம்பிக்கு இன்னா வயசு சொல்றது? இந்தத் தலைய வெச்சிகினு?"

யோசித்து அவரே வழியும் சொன்னார். "தம்பிய அண்ணனாக்கிடுங்க."

அன்றையிலிருந்து வெளியாள் யார் வந்தாலும் ஹேமலதா அவனை அண்ணா என்று கூப்பிட வேண்டும், வாங்க போங்க என்று பேச வேண்டும். தான் இடுப்பில் தூக்கிச் சுமந்தவனை, மூக்கு சிந்தி விட்டவனை! கிருஷ்ணம்மாள் ஒத்திகை வேறு பார்த்தாள். "எங்க, சொல்லு பாப்போம். டீ சாப்புடுங்கண்ணா." சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. முதல் தடவை ஹேமலதா சிரித்துவிட்டாள். ரெண்டாம் தடவை சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை போளூரில் உரக்கடை வைத்திருப்பவர். அவர் போட்டோ முதலில் வந்தது. மறுநாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது ஹேமலதா, குடத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "பாத்தா சிடுமூஞ்சியா தெரியலக்கா."

அவள் எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் அதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வந்தார்கள், போனார்கள், அவ்வளவுதான். இப்போது ஆசை வந்துவிட்டது. கடவுளே, இது ஒன்றாவது கூடி வரட்டும் என்று எங்கள் வீட்டு விளக்கில் அவளுக்காக ஒரு திரி அதிகம் போட்டேன்.

போளூரில் பெண் போட்டோ கேட்டார்கள். எங்கள் ஊரில் பெண் போட்டோ என்றால் பஜாரில் சம்பந்தம் ஸ்டுடியோதான். பின்னால் மலை வரைந்த திரை இருக்கும், பக்கத்தில் பிளாஸ்டிக் பூ. ஆனால் சம்பந்தம் பெண்ணை உட்கார வைத்து, வீட்டுக் கதை கேட்டு, சிரிக்க வைத்து, அது அடங்கி முகம் சாந்தமாகும்போது எடுப்பார். அவர் எடுத்தால் கழுதைக்கும் களை வரும் என்பார்கள். ஹேமலதாவும் அங்கேதான் போக ஆசைப்பட்டாள்.

சந்திரமோகன் குதித்தான். "வூட்ல கேமரா வெச்சிகினு ஸ்டுடியோவுக்குப் போனா ஊரு சிரிக்கும். நான் எடுக்கறேன், ஜல்தி பொடவ கட்டிகினு வா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தான். முதலில் கூடத்தில். அந்தக் கேமராவில் ஃபிளாஷ் ரெண்டு தரம் அடிக்கும். முதல் வெளிச்சத்தில் முடிந்துவிட்டது என்று ஹேமலதா மூச்சு விட்டுக் கண்ணை மூடுவாள். ரெண்டாவது அடிக்கும்போதுதான் படம் விழும். எல்லாப் படத்திலும் கண் மூடியிருந்தது. திறந்திருந்த ஒன்றில் கண்மணி ரெண்டும் ரத்தச் சிவப்பு. பிரவுசிங் சென்டர் பையன் அதன் மேல் கறுப்புப் பொட்டு வைத்துக் கொடுத்தான். ஒரு கண் போளூரையும் ஒரு கண் வந்தவாசியையும் பார்த்தது.

"கண்ண மூடாதன்னா கேக்க மாட்ற. இன்னா பேஜார் புடிச்சவ நீ!" என்று கத்தினான்.

ஃபிளாஷே வேண்டாம் என்று உச்சி வெயிலில் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போனான். வேர்த்து வழிந்தது. பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது. ஜரிகை வெயிலைத் திருப்பி அடித்து மோவாயெல்லாம் வெள்ளை. கண்ணை மூடக் கூடாது, மூடக் கூடாது என்று அவள் முழித்த முழியில் ஒரு படம் விழுந்தது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றையும் எண்ணலாம். ஓரத்தில் 2002 ஜனவரி ஒன்று.

"தேதி தப்பா இருக்குதேடா. அவங்க இன்னா நெனப்பாங்க?" என்று அவள்தான் கேட்டாள்.

"தேதிய யாரு பாக்கப் போறாங்க?" என்றான்.

பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா பள்ளிக்கூடத்தில் டீச்சர். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற கண், ஓரத்தைத்தான் முதலில் பார்க்கும். தனக்கோடி வந்து கூடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒளிக்காமல் சொன்னார்.

"அஞ்சு வருசத்துப் பழைய போட்டோவ அனுப்பியிருக்கீங்கன்றாங்க. இருபத்தோரு வயசுலயே இப்டி இருந்தா, இப்ப எப்டி இருக்கும்னு கேக்கறாங்க."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. நான் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷத்தில் சந்திரமோகனை இழுத்து வைத்து அறைய வேண்டும் போலிருந்தது.

மனுஷனாகப் பிறந்தவன் என்ன செய்வான்? தப்பு என் மேல், கேமராவில் தேதி வைக்கவில்லை, நேரில் வந்து பாருங்கள் என்று சொல்லியிருப்பான். இவனுக்குக் கேமராவின் மானம் போய்விட்டதே என்று கவலை. மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து அன்றைய பேப்பரைக் கேட்டான். படிக்கத்தான் கேட்கிறான் என்று கொடுத்தேன். பின்னாலேயே போய்ப் பார்த்தால், ஹேமலதாவை அதே பட்டுச் சேலையில் சுவரோரம் நிற்க வைத்து, பேப்பரை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். தேதி தெரிய வேண்டுமாம். திருடனைப் பிடித்தால் ஸ்டேஷனில் சிலேட்டைப் பிடிக்க வைத்துப் படம் எடுப்பார்களே, அப்படி நின்றாள்.

"டேய், இன்னாடா அநியாயம் இது? பொண்ணுடா அவ" என்றேன்.

ஹேமலதாதான் என்னைத் தடுத்தாள். "வுடுங்கக்கா. எடுத்துக்கட்டும். இதப் பாத்தாவது நம்புவாங்க."

அந்த உரக்கடைக்காரர் அவளுக்கு வேண்டும். அதற்காகப் பேப்பர் என்ன, சிலேட்டே பிடித்திருப்பாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பட்டனை அழுத்தினான். பேட்டரி தீர்ந்துபோனது. வேறு மாட்டினான். கேமரா எதையோ கேட்டது. ஓகே அழுத்தினான். படம் விழுந்தது. கண் திறந்திருந்தது என்று துள்ளிக் குதித்து அன்றைக்கே பிரிண்ட் போட்டு அனுப்பிவிட்டான். கையில் இருந்த பேப்பரில் 2007. படத்தின் ஓரத்தில் 2002.

இந்தத் தடவை தனக்கோடி உட்காரவே இல்லை. வாசலில் நின்றே சொன்னார். "பேப்பர் தேதி நெஜம்னா இந்த மூஞ்சிக்கு இருபத்தாறு இல்ல, வயசுல பொய். ஓரத்துல போட்ட தேதி நெஜம்னா பேப்பர் பொய். எது பொய்யோ அவங்களே வெச்சிக்கட்டும், பேப்பர் புடிச்சிகினு நிக்கற பொண்ணு எங்களுக்கு வேணாம்னுட்டாங்க. அந்த டீச்சரம்மா ஸ்கூல்ல எல்லாருக்கும் போட்டோவக் காட்டிச் சிரிச்சிதாம்."

உரக்கடைக்காரருக்குச் சந்தவாசல் பக்கம் பெண் அமைந்தது. நல்ல பெண் என்றார்கள். இருக்கட்டும்.

வீட்டுக்குள் சமாதானம் சொல்லக்கூட ஆளில்லை. "ஒழுங்கா மொத நாளே கண்ணத் தொறந்திருந்தா இவ்ளோ வம்பு இல்ல" என்றான் தம்பி. "கேமராவச் சொல்லி இன்னா பண்றது, இருக்கற மூஞ்சிதான வரும்" என்றாள் பெற்றவள். சோறு போடுகிறவள் போய்விடக் கூடாது என்று திட்டம் போட்டுத்தான் கெடுத்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அளவுக்கு அவனுக்குச் சாமர்த்தியம் கிடையாது.

அதற்கப்புறம் ஹேமலதா யார் முன்னாலும் வந்து நிற்கவில்லை. ஒரு வருஷம் போனது. கிருஷ்ணம்மாள் தனக்கோடியை மறுபடி வரச் சொன்னாள். "அவளுக்கு எழுதி வெச்சது அவ்ளோதான். இவனாவது வயசோட பண்ணிக்கட்டும்" என்றாள். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னாள்.

பெண் வீட்டுக்கு அனுப்ப மாப்பிள்ளை போட்டோ வேண்டும் என்றார் தனக்கோடி.

அன்று காலை வாசலில் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். ஹேமலதா அவர்கள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சந்திரமோகன் வெளியே வந்தான். புதுச் சட்டை. முகத்தில் பவுடர். பக்கத்து முடியை இழுத்து உச்சந்தலையை மூடியிருந்தான். இடுப்பில் அந்த உறை இல்லை.

"எங்கடா கெளம்பிட்ட?" என்று ஹேமலதா கேட்டாள்.

"சம்பந்தம் ஸ்டுடியோவுக்குக்கா. போட்டோ எடுக்க."

"வூட்ல கேமரா இருக்குதேடா?"

"அதுல மூஞ்சி சரியா வராதுக்கா. இது முக்கியமான போட்டோவாச்சே" என்றான்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னான். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

ஹேமலதா துடைப்பத்தைக் கீழே போட்டாள். அவன் கிட்டே போய், சட்டைக் காலரில் உதிர்ந்திருந்த பவுடரைத் தட்டிவிட்டாள்.

"போய்ட்டு வாங்கண்ணா" என்றாள். "கண்ண மூடிடாதீங்க."

அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, என் கோலத்தை மிதித்துக்கொண்டு போனான்.