சுரங்க வாசலில் கேட்ட பெயர்

காலை ஆறு மணிக்குக் குடியாத்தத்தில் ரயிலேறிய நான் ஜோலார்பேட்டை வரைக்கும் உட்காரவேயில்லை. மூன்று வருஷமாகக் கடிதாசி போடாத என் தம்பி சாமுவேல் கோலார் தங்கச் சுரங்கத்தில் இருக்கிறான் என்று புளி வியாபாரி ஒருவர் சொல்லிவிட்டார். ஷிப்டு முடிந்து ஆட்கள் மேலே வந்ததும் மேஸ்திரி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். அதில் 'குடியாத்தம் சாமுவேல்' என்ற பெயரையும், வந்துட்டேன் என்ற பதிலையும் அந்த வியாபாரி காதாரக் கேட்டாராம். தம்பி மனைவி ரூத்து அவனுடைய வேட்டியைத் துவைத்து மடித்து என் பையில் வைத்தாள், திரும்பும்போது கட்டிக்கொண்டு வரட்டும் என்று.

பௌரிங்பேட்டை ஜங்ஷனில் கிளை ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் காக்க வைத்துவிட்டார்கள். இட்டிலி வாங்கினேன், பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டேன். பிறகு பத்து மைல். சுரங்கத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனான சாம்பியன் ரீப்ஸில் இறங்கியதும் காது அடைத்துப்போயிற்று. கல் இடிக்கும் ஆலை ராப்பகலாக ஓடுகிறது, காலடியில் தரை அதிர்கிறது. இங்கே மனுஷன் எப்படித்தான் தூங்குகிறானோ. ஜட்காக்காரர் இரண்டணா கேட்டார், பேரம் பேசாமல் ஏறினேன்.

"இன்னாங்க இம்மாம் அவசரம்? சுரங்கம் எங்கியும் ஓடிப்பூடாது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுரங்க வாசலில் காத்து நின்றேன். இரண்டு மணிக்கு இரும்புக் கூண்டு ஆட்களை மேலே கொண்டுவந்தது. மேஸ்திரி கூப்பிட ஆரம்பித்தார். குடியாத்தம் சாமுவேல் என்றார்.

"வந்துட்டேன்" என்று பதில் சொன்னது யாரோ ஒரு நரைத்த தலைக்காரன்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்தேன். "யார்யா நீ? என் தம்பி எங்கே?"

என் முகத்தில் தம்பியின் ஜாடையைக் கண்டுகொண்டான் போலிருக்கிறது. "கோயிலுக்கு வாங்கண்ணே, சொல்றேன்" என்றான்.

அந்தக் கோயிலை யாரும் தேடிப் போவதில்லை. துரைமார்களுக்குப் பெரிய கோயில் வேறு இருக்கிறது. இது கழிவு மண் மேட்டுக்குப் பின்னால் தகரக் கூரையும் ஒரு மரச் சிலுவையுமாக ஒண்டிக்கிடக்கிறது. பத்துப் பேர் மண்டியிட்டால் நிறைந்துவிடும். பாறை சரிந்து செத்தவர்களுக்காகக் கூலிக்காரர்களே காசு போட்டுக் கட்டியது. சுவரில் ஒரு கல், அதில் ஏழு பெயர்கள். திரும்பத் திரும்பப் படித்தேன். சாமுவேல் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

அவன் நான்காவது பெயரில் விரலை வைத்தான். யாக்கோபு என்றிருந்தது. "இது நான்தாண்ணே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மூணு வருஷம் முந்தி எனக்குக் காய்ச்சல். ஷிப்டுக்குப் போகலேன்னா சீட்டுக் கிழிஞ்சிடும். சாமுவேலு ராத்திரி ஷிப்டு முடிச்சிட்டு வந்தவன், என் பேர் போட்ட வேலை டிக்கெட்டை எடுத்துக்கினு திரும்பவும் எறங்கினான். இங்க அது வழக்கம்ணே, ஒருத்தருக்கு ஒருத்தர் எறங்குவோம். அன்னிக்குத்தான் பாறை சரிஞ்சது. டிக்கெட்டு யாருதோ அவன்தான் செத்தவன்னு ஆபீசுல எழுதிட்டாங்க. அவன் பேர் உயிரோட இருந்துச்சு. அதுலதான் நான் எறங்கறேன்."

"ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா வேலை பூடும். நாலு புள்ளைங்கண்ணே."

அவனை அறைய வேண்டும்போல ஆத்திரம் வந்தது. என் தம்பியைக் கொண்டுபோய் இன்னொருத்தன் பெயருக்கடியில் புதைத்துவிட்டார்களே! உட்காரவும் முடியாமல் வெளியே போகவும் முடியாமல் அந்தச் சின்னக் கோயிலுக்குள்ளேயே நடந்தேன்.

"வேணாம்னா சொல்லுங்க. நாளைக்கே அந்தப் பேரை விட்டுர்றேன்" என்றான் யாக்கோபு.

எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்தில் ரூத்து தினமும் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள், சாமுவேலைப் பத்திரமாக மேலே கொண்டுவாரும் என்று. அது நினைவுக்கு வந்ததும் கோபம் அழுகையாக மாறிவிட்டது. அழுது முடித்து, "அந்தப் பேர்லயே எறங்கு. ஆனா தினமும் மேல வந்து பதில் சொல்லு" என்றேன்.

நாலு மணி ரயிலைப் பிடித்தேன். ஜோலார்பேட்டையில் வண்டி மாறி, குடியாத்தம் நெருங்கும்போது பையிலிருந்த வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டேஷனில் வண்டி நின்றது. ரூத்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் மடியில் வேட்டியோடு உட்கார்ந்தே இருந்தேன்.