மூலம் என்று நானே வைத்த பெயர்

சுனாமிக்குப் பிறகு எங்களை இருத்திய முகாம் ஒரு பள்ளிக்கூடம். மலசலகூடங்கள் மைதானத்தின் அந்தத் தொங்கலில், கடைசி மூலையில் இருந்தன. வாளியோடு நடந்தால் முகாமே பார்க்கும். வெட்கத்தில் சோற்றைக் குறைத்தேன், தண்ணீரைக் குறைத்தேன், முடிந்தமட்டும் அடக்கினேன். மலம் இறுகி இரத்தம் வந்தபோது, அங்கே பலருக்கும் வந்த மூலம்தான் எனக்கும் என்று நினைத்தேன். கருணைக்கிழங்கு சமைத்துச் சாப்பிட்டேன். நின்றுவிட்டது. அந்த நிம்மதிதான் என்னைக் கெடுத்தது.

யுத்தம் முடிகிற காலத்தில் திரும்பவும் இரத்தம். இந்த முறை வயிறு இளகியிருந்தபோதும் வந்தது. ஓயாத அரிப்பு, ஆசனவாய் ஓரத்தில் கடலை அளவில் ஒரு கட்டி, போய்விட்டு வந்தாலும் இன்னும் போகவேண்டும் போல ஓர் உணர்வு. மூலம் என்றே சொல்லிக்கொண்டேன், அதுவும் எனக்கு மட்டும். என் புருஷனையும் தங்கச்சி புருஷனையும் கடல் கொண்டுபோன பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் ஒருத்திக்கு ஒருத்தியாக இருந்தோம். அவளுக்கும் மூச்சுக் காட்டவில்லை. அந்த இடத்தை எந்த வாயால் சொல்வது? பழைய சீலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பாலத்தடிச் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், பெண்களைத் தடவிச் சோதிக்கும் மறைப்புக்குள், ஆமிக்காரப் பிள்ளையின் கை அந்தச் சீலைத் தடிப்பில் பட்டு நின்றது. குண்டுக்குப் பயந்த காலம். அவள் முகம் வெளிறிப் பின்னால் நகர்ந்தாள்.

"என்ன அது? காட்டு!"

காட்டினேன். எனக்கொரு மகள் இருந்திருந்தால் அவள் வயசுதான் இருக்கும். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அவள் இரத்தத்தைப் பார்த்தாள், என் நரைத்த தலையைப் பார்த்தாள். "எங்க?" என்றாள். கையால் பின்பக்கம் காட்டினேன். "அம்மா, ஆஸ்பத்திரி போங்க" என்று மெல்லச் சொன்னாள்.

டொக்டர் உறை போட்ட விரலை விட்டுப் பார்த்தார், சதைத் துண்டு எடுத்து அனுப்பினார். புற்றுநோய்.

"ரத்தம் வந்தா மூலம் எண்டு நீங்களே முடிவெடுக்கப்படாது. ரெண்டும் ஒரே மாதிரித்தான் காட்டும், பாத்தாத்தான் தெரியும்" என்றார். இன்னும் பரவவில்லை, மருந்தோடு கரண்ட் பிடித்தால், அதுதான் கதிர்வீச்சுக் கொடுத்தால், போதும் என்று கொழும்புக்கு அனுப்பினார்.

தங்கச்சியிடம், "கர்ப்பப்பையில புத்துநோயாம்" என்றேன். கர்ப்பப்பை கௌரவமான இடம் பாருங்கள்.

"பயப்படாதகா, மறுகா எல்லாம் சரிவரும்" என்று அவள்தான் அழுதாள். கோயிலுக்கு நேர்ந்தாள். கொழும்புக்கும் கூட வந்து கஞ்சி காய்ச்சித் தந்தாள். கரண்ட் பிடித்துத் தோல் வெந்து, உட்காரமுடியாமல் நான் நின்றபடி அழுத நாட்களிலும் அவளை மருந்து பூச விடவில்லை.

நாங்கள் ஊருக்குத் திரும்பும்போது யுத்தம் முடிந்திருந்தது. சென்றி அப்படியே இருந்தது, அந்தப் பிள்ளையும் இருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, தங்கச்சிக்கு முன்னாலேயே கேட்டாள்.

"அம்மா, பின்னால ரத்தம் வாறது நிண்டதா?"

"நிண்டிட்டுது மகள்."

பாலம் தாண்டியதும் தங்கச்சி நின்றாள். பிறகு என் பையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"ஏன் அக்கா, ஆமிக்காரிக்குச் சொன்னத எனக்குச் சொல்ல உனக்கு வெக்கமா இருந்ததா?"

ஓம் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது.