வெர்லீன் மிதித்த ஊமைப் பலகை

வெர்லீனைப் பற்றிக் கேட்டால் நான் வாயை மூடவே மாட்டேன். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் ஒலியின் அதிர்வை அளந்துவிட்டு, சாயங்காலம் அடியில் தகடு பதித்த ஷூவை மாட்டிக்கொண்டு, தரையில் காலாலேயே தாளம் தட்டி டாப் நடனம் ஆடுகிறவள் எங்கள் பிலடெல்பியாவில் வேறு யார் இருக்கிறாள்? ஆய்வுக்கூடத்தில் அவளை "ஆட்டக்காரி" என்பார்கள். ஆட்டத்துக்கு வந்தால் நாங்கள் "டாக்டரம்மா" என்போம். இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். எதற்கும் அசராதவள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, பொரித்த மீனும் சோளரொட்டியும் சாப்பிட்டுவிட்டுச் சங்க ஹாலில் வட்டமாக நிற்போம். பியானோ வாசிப்பது நான். ஒருவர் நடுவில் வந்து ஆடுவார், அடுத்தவர் காலாலேயே பதில் சொல்வார். வட்டத்துக்கு வந்த முதல் நாளே வெர்லீன் வம்பை விலைக்கு வாங்கினாள். எங்கள் பெரிய ஆட்டக்காரர் கிளியோடிஸ் ஆடி முடித்ததும் உள்ளே புகுந்து, அவர் ஆடியதை ஒரு தட்டுகூடப் பிசகாமல் அப்படியே ஆடிக் காட்டினாள். பாராட்டுவோம் என்று பார்த்தாள். ஒருவரும் கைதட்டவில்லை.

"திருடி!" என்றார் கிளியோடிஸ்.

"என்னங்க இது? எங்க லேப்ல ஒருத்தர் கண்டுபிடிச்சத இன்னொருத்தர் செஞ்சு பாத்து, அதே மாதிரி வந்தாத்தான் நம்புவாங்க. உங்களுக்குப் பெருமதானே?"

"அத அங்கயே வச்சுக்க தாயி. இங்க அது என் பாக்கெட்டுல கைய விடுற வேல. உனக்குன்னு ஒண்ணு இருந்தா கொண்டா. இல்லேன்னா இந்த வட்டத்துல உனக்கு எடம் கெடையாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புதுசா வந்த புள்ளைய இப்படியா வெரட்டுறது?" என்று கத்தினேன். அவளோ என் தோளைத் தட்டி, "விடு ஒரீத்தா, அவர் சொல்றது நியாயந்தான். அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். எல்லாரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்; யாரும் வழிவிடவில்லை. அவளும் கேட்கவில்லை. நேரே ஜன்னலோரத் தரைப்பலகைமேல் போய் நின்றாள். கீழே தாங்குகட்டை இற்றுப்போன பலகை அது. தட்டினால் மந்தமாகக் கேட்கும் என்று யாருமே அங்கே ஆடுவதில்லை. குதிகாலால் ஓங்கித் தட்டினாள்: தொம்! பக்கத்துப் பலகையில் நுனிக்காலால் சடசடவென்று பொழிந்தாள். மறுபடி தொம்! நாங்கள் ஒதுக்கிவைத்ததை மத்தளமாக்கிவிட்டாள், ராட்சசி! என் கைகள் தாமாகப் பியானோவில் இறங்கின. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசியில் வட்டமே நகர்ந்துபோய் அவளைச் சுற்றி நின்றது.

பதில் சொல்ல வேண்டியவர் கிளியோடிஸ். ஆடிக்கொண்டே நெருங்கினார். அந்தப் பலகைக்கு மேல் காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஆசையாத்தான் இருக்கு. ஆனா இது டாக்டரம்மாவோடது" என்று சொல்லிவிட்டு, தள்ளிப்போய் ஆடினார்.

வெர்லீன் அழுது அன்றுதான் பார்த்தேன்.