எடை மேடையை நகர்த்தியவள்

என் மனைவி கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர். கூட்டிக் கழுவுவதும் ஊசி போடும்போது நாய், பூனைகளைப் பிடித்துக்கொள்வதும் அவள் வேலை. அங்கே அவளுக்கு 'மேஸ்திரி' என்று பட்டம். எதையாவது இடம் மாற்றிக்கொண்டே இருப்பாளாம். அதை யாரும் எனக்குச் சொல்லவேண்டியதே இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்து வழக்கமான இடத்தில் உட்காரப் போனேன், நாற்காலி ஜன்னலோரம் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் ஹாலில் பெஞ்சுகள் எதிரெதிரே கிடந்தன. நாய் குரைத்தால் பூனைக்காரர் முறைப்பார், நாய்க்காரர் பதிலுக்கு முறைப்பார், கொஞ்ச நேரத்தில் இருவருமே குரைக்க ஆரம்பித்துவிடுவார்கள். எடை பார்க்கும் மேடை ஹாலின் கடைசி மூலையில், இரண்டு சுவருக்கு நடுவில் இருந்தது. பெரிய நாய்களை அதில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பெரிய டாக்டர் இரண்டு வாரம் விடுமுறையில் போனார். வந்து பார்த்தால் பெஞ்சுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கின்றன. நெஞ்சு உயரத்தில் ஒரு பலகை, அதன்மேல் கூடைகளில் பூனைகள் தூங்குகின்றன. எடை மேடை பின்முற்றத்துக்குப் போகிற குறுகலான நடையில் கிடக்கிறது. டாக்டருக்கு மூக்கின் மேல் கோபம்.

"யாரைக் கேட்டும்மா இதெல்லாம் நகர்த்தினீங்க? பழையபடி போடுங்க. இல்லேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்."

"சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் விடுங்க சார். அன்னிக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி. ஒரு தடவை பாருங்க, அப்புறம் நீங்க சொல்றபடி செய்யறேன்" என்றிருக்கிறாள். டாக்டர் காலண்டரில் சனிக்கிழமையைச் சுழித்துவிட்டுப் போனாராம்.

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னாள். பதினாறு வருட வேலை. "எதுக்கு வம்பு? பேசாம பழையபடி போட்டுடேன்" என்றேன்.

"உங்க பஸ்ல 'உள்ள போ, உள்ள போ'ன்னு தொண்டை கிழியக் கத்தறீங்களே, யாராச்சும் போறாங்களா?"

"எங்க போறாங்க! எல்லாம் வாசல்லயே தொங்கும்."

"ஏன்?"

"உள்ள போயிட்டா இறங்க முடியாதோன்னு பயம்."

"அந்தப் பயம் நாய்க்கு இருக்காதா?"

இருபது வருடம் கண்டக்டராக இருந்து, ஜனங்களுக்கு அறிவு கிடையாது என்று மட்டும்தான் நான் கண்டுபிடித்திருந்தேன்.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். கூடவே போனேன். பத்து மணிக்கு ஒரு தையல்காரர் தன் நாயைக் கூட்டிவந்தார். கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது. அதன் வயிற்றில் கட்டி, ஆபரேஷன் செய்தாக வேண்டும். எடை தெரியாமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டேன் என்பதில் டாக்டர் கறார். முன்பு இரண்டு முறை வந்தபோது மூலைக்கு இழுத்துப் போயும் எடை பார்க்க முடியவில்லை. இரண்டாவது முறை டாக்டரின் மணிக்கட்டையே கவ்விவிட்டது. இன்று அவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

என் மனைவி நடையின் பின்கதவை விரியத் திறந்தாள். முற்றத்து வெயில் உள்ளே விழுந்தது.

"அண்ணா, கயித்தை இழுக்காதீங்க. நீங்க பாட்டுக்கு முன்னால நடங்க. மேடையைத் தாண்டினதும் நின்னுக்குங்க, போதும்."

தையல்காரர் நடந்தார். நாய் கதவைப் பார்த்தது, வெயிலைப் பார்த்தது, அவர் பின்னாலேயே போயிற்று. சுற்றிப் போக இடமில்லாததால் மேடைமேல் ஏறியது. அவர் நின்றதும் அதுவும் நின்று அவர் கையை முகர்ந்தது. என் மனைவி நாயின் பக்கம் திரும்பவேயில்லை, எண்களை மட்டும் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணு, சார்."

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு விசிலடிக்கத் தோன்றியது, ஆஸ்பத்திரி என்பதால் அடக்கிக்கொண்டேன். இப்படி ஒருத்திக்குப் புருஷன் என்பதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, அதை மறைக்கிற உத்தேசமும் இல்லை.

டாக்டர் எடையைக் குறித்துக்கொண்டார், ஆபரேஷனுக்குத் திங்கட்கிழமை என்று எழுதிக் கொடுத்தார், தன் அறைக்குள் போய்விட்டார். பாராட்டினால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பாட்டுக்கு அடுத்த நாயை அழைத்தாள்.

பகல் ஒரு மணிக்கு ஹால் காலியானது. அன்றைக்கு ஒருவரும் சண்டை போடவில்லை, ஒருவரும் கடிபடவில்லை. உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். வேலை போயிற்றா, இருக்கிறதா என்று தெரியாமல் அவள் போனாள். நானும் வாசல்படிவரை பின்னாலேயே போனேன்.

"இந்த ரூமுக்குள்ள வர்ற நாயெல்லாம் என்னைப் பார்த்துதாம்மா உறுமுது" என்றார், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே. "இந்த மேஜையை எங்க போடலாம்?"

அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மேஜை இருக்கட்டும் சார். நீங்க கொஞ்சம் எழுந்திரிங்க. வாசலை மறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறது நீங்கதான்."

டாக்டர் எழுந்துகொண்டார். நாற்காலியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடித்தேன். எங்கே வைப்பதென்று அவள் விரலை நீட்டிக் காட்டினாள்.